விடுதி வைஃபையில் டோரண்ட்: நோட்டீஸ் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

பீளமேடு விடுதி:
நாற்பது பேர் தங்குறாங்க, ஒரே பாஸ்வேர்டுதானுங்க. நம்ம ஐபியில் (இணைய முகவரி எண்) டோரண்ட் வழியா, அதாவது ஆளாளுக்கு நேரடியா கோப்பு பகிர்ற முறையில, புதுப்படம் பகிரப்பட்டதா இணைய நிறுவனம் மெயில் அனுப்பியிருக்குது. எப்படிக் கண்டுபிடிக்கறாங்க? என்ன பண்ணோணுங்க?

நொய்யல்:
ஆள் யாருன்னு கண்காணிக்கறவங்களுக்குத் தெரியாதுங்க. கண்காணிக்கிற நிறுவனமும் ஒரு டோரண்ட் கிளையன்டா (பகிர்ற மென்பொருள்) அதே படத்தைப் பகிர்ற கூட்டத்துல சேர்ந்து ஐபி, போர்ட் (இணைப்போட வாசல் எண்), நேரம், இன்ஃபோ ஹாஷ் (அந்த டோரண்ட்டோட அடையாளக் குறி) நாலையும் பதிஞ்சுக்கும். மெயிலில் நேரம் யுடிசியா (உலகப் பொது நேரம்) இருந்தா 5:30 மணி கூட்டுங்க. அதுல 20:00ன்னா நமக்கு மறுநாள் விடிகாலை 1:30. இதைக் கவனிக்காமத்தான் சம்பந்தமில்லாத பையனைப் பிடிச்சு மிரட்டறது நடக்குது.

சிஜிநாட் இணைப்புன்னா (இணைய நிறுவனமே ஒரு ஐபியைப் பலருக்குப் பங்கிடற முறை) ஒரே ஐபியில் பல வீடுக இருக்கும். போர்ட் எண் இல்லாத நோட்டீஸை வெச்சு யாரையும் சொல்ல முடியாது.

ரூட்டர்மேசை:
ஒரே பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க. ஆளுக்கொரு யூசர்நேமோட ஹாட்ஸ்பாட் லாகின் வையுங்க. மேக் முகவரியை (சாதனத்தோட அடையாள எண்) மட்டும் நம்பாதீங்க, இப்பத்த போனுக அதை மாத்திக்கும். நாட் லாகை (எந்தச் சாதனம் எந்தப் போர்ட்ல வெளியே போச்சுங்கற பதிவு) ரூட்டர்ல வெச்சா ரீஸ்டார்ட்ல போயிரும். தனி சிஸ்லாக் சர்வருக்கு (பதிவுகளைச் சேமிக்கிற கணினி) அனுப்புங்க, கடிகாரத்தை என்டிபியோட (இணையம் வழியா நேரத்தைச் சரிசெய்யற முறை) இணைங்க. டோரண்ட்டோட வழக்கமான 6881 முதல் 6889 வரை போர்ட்டை அடைச்சுப் பிரயோஜனமில்லை, கிளையன்ட் வேற போர்ட்டுக்குப் போயிரும்.

சட்டம்பார்:
பசங்ககிட்ட ஒண்ணு தெளிவா சொல்லுங்க: டோரண்ட்ல இறக்கும்போதே ஏத்தவும் செய்யறாங்க. 1957 பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் பொதுவா 6 மாதம் முதல் 3 வருசம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். மெயிலை அழிக்காதீங்க.