பழைய ரேஞ்ச்ஃபைண்டரில் இரவுப் படங்கள்: மீட்டர், ஃபோகஸ், புஷ்

இரவுவீதி:
கேமரா கேனனெட் க்யூ.எல்.17 ஜி-3, லென்ஸ் 40 மி.மீ. எஃப் 1.7. ஃபிலிம் இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ். ஃப்ளாஷ் போடாமல் வீட்டு விளக்கிலும் தெருவிளக்கிலும் ஆட்களை எடுக்க வேண்டும். ஏ.எஸ்.ஏ. (ஃபிலிமின் வேகம்) டயல் 800-உடன் முடிந்துவிடுகிறது, நான் 1600-ல் எடுத்து டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டி ஈடுகட்ட, அதாவது புஷ் செய்ய நினைக்கிறேன். 'ஏ'-வில் (ஆட்டோ) வைத்தால் இருட்டில் பட்டன் இறங்குவதில்லை. வ்யூஃபைண்டர் நடுவில் உள்ள மஞ்சள் கட்டத்தில் (ரேஞ்ச்ஃபைண்டர்), ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் வைக்க வேண்டிய இரட்டைப் பிம்பமும் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சத்தை எப்படி அளப்பது, ஃபோகஸை எப்படி உறுதி செய்வது, 1600-க்கு எந்த டெவலப்பரில் எவ்வளவு நேரம்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெள்ளித்துகள்:
பட்டன் இறங்காதது கோளாறு இல்லை. 'ஏ'-வில் ஷட்டர் வேகம் உங்களுடையது, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) கேமராவுடையது. எஃப் 1.7 வரை திறந்தும் போதாது என்று மீட்டர் கண்டால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். வளையத்தை 'ஏ'-விலிருந்து நகர்த்தி ஏதாவது ஒரு எஃப் எண்ணில் வையுங்கள், பூட்டு விடுபடும். அப்போது மீட்டரும் நின்றுவிடும். இரவில் அது நல்லதுதான்.

ஏன் நல்லது என்றால், உள்ளே வெளிச்சத்தை அளப்பது சி.டி.எஸ். (காட்மியம் சல்ஃபைடு) செல். மங்கலான வெளிச்சத்தில் அதன் முள் மெதுவாகத்தான் ஒரு நிலைக்கு வரும். பளிச்சென்ற பல்பைப் பார்த்துவிட்டு இருட்டுப் பக்கம் திரும்பினால் முந்தைய வெளிச்சத்தின் பாதிப்பு கொஞ்ச நேரம் தங்கும். ஃபிரேமுக்குள் ஒரு விளக்கு வந்தாலே போதும், அதையும் சேர்த்து சராசரி எடுத்து முகத்தைக் கருக்கிவிடும்.

பேட்டரியையும் பாருங்கள். இந்தக் கேமரா 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் அதிகமாக நகரும், கேமரா அபெர்ச்சரைக் குறைக்கும், படம் அண்டர் எக்ஸ்போஸ் ஆகும் (வெளிச்சம் போதாமல் இருளும்). பகலில் நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும், இரவில் தாங்காது. காதுகேள் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரியை வளையம் வைத்துப் பொருத்தலாம், 1.4 வோல்ட், ஆனால் ஸ்டிக்கரைப் பிரித்த பிறகு சில வாரங்கள்தான் வரும். டயோடு வைத்த அடாப்டரில் எஸ்.ஆர்.44 போடுவது நீண்ட நாளைக்கு ஒத்துவரும்.

1600-க்கு மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான். கடை வெளிச்சம் கொட்டும் தெரு: எஃப் 2.8, 1/250. நன்றாக விளக்கெரியும் வீட்டுக்குள்: எஃப் 2, 1/125. தெருவிளக்குக்கு அருகில் நிற்கும் ஆள், அல்லது சுமாரான விளக்குள்ள அறை: எஃப் 2, 1/60. இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள இருட்டு: எஃப் 1.7, 1/30. கைபேசி மீட்டர் செயலி இருந்தால் முகத்துக்கு அருகில் கொண்டுபோய் முகத்தை மட்டும் அளந்து, அந்த எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். விளக்குகள் எப்படியும் வெளுத்துத்தான் போகும், அவற்றைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். 1/60-ஆ 1/30-ஆ என்று சந்தேகம் வந்தால் 1/30.

இரட்டைப்பிம்பம்:
வெளிச்சத்துக்கு வெள்ளித்துகள் சொன்னது போதும். ஆனால் இரவுப் படங்கள் பெரும்பாலும் கெடுவது ஃபோகஸில்தான் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 40 மி.மீ. லென்ஸ், எஃப் 1.7, ஆள் 1.5 மீட்டரில் இருந்தால் தெளிவாக வரும் ஆழம் மொத்தமாக ஏறக்குறைய 14 செ.மீ. 1 மீட்டரில் ஆறு செ.மீ. சொச்சம். நீங்கள் ஃபோகஸ் வைத்த பிறகு அவர் சற்று முன்னே சாய்ந்தாலே கண் மங்கிவிடும். எனவே அருகில் எடுக்கும்போது கட்டம் பொருந்தியதும் உடனே அழுத்த வேண்டும், ஃபிரேமை அழகாக்க நேரம் எடுக்கக் கூடாது.

கட்டம் மங்கலாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வ்யூஃபைண்டர் ஜன்னல் கண்ணாடிகளின் உட்புறத்தில் படிந்த எண்ணெய்ப் புகை. அதைத் துடைத்துச் சரிசெய்யலாம். மற்றொன்று, இரண்டு பிம்பத்தையும் சேர்க்கும் பாதி பூச்சுள்ள கண்ணாடி வயதில் தேய்ந்திருப்பது. மேல் மூடியைக் கழற்றுபவர்கள் அந்தக் கண்ணாடியைத் துணியால் தொடவே கூடாது, பூச்சு கையோடு வந்துவிடும். ஊதுகுழலால் தூசியை விரட்டுவதோடு நிறுத்துங்கள். தற்காலிக வழி ஒன்று உண்டு: வ்யூஃபைண்டரின் முன் ஜன்னல் நடுவில், கட்டத்தை மறைக்கும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு கறுப்பு டேப் துண்டு ஒட்டுங்கள். பின்னணி இருண்டு, ரேஞ்ச்ஃபைண்டர் பிம்பம் தூக்கலாகத் தெரியும்.

இருட்டில் முகத்தின் மேல் ஃபோகஸ் தேடாதீர்கள். கண்ணாடி அணிந்திருந்தால் அதன் சட்டம், சட்டைக் காலரின் ஓரம், கண்ணில் மின்னும் விளக்கு இவற்றில் தேடுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் செங்குத்துக் கோட்டைத்தான் பிரித்துக் காட்டும். கோடு கிடையாக இருந்தால் கேமராவைத் திருப்பிப் பிடித்து ஃபோகஸ் வைத்துவிட்டு மறுபடி நிமிர்த்துங்கள். எதுவுமே தெரியாத இடத்தில் எஃப் 2.8, 3 மீட்டர் என்று வைத்துவிடுங்கள், சுமார் 2.6 முதல் 3.5 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். ஆள் அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்தினால் போதும்.

ரோல் போடும் முன் ஒரு சோதனை. தொலைவில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒற்றை விளக்கைப் பாருங்கள். ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியில் முட்டி நிற்கும்போது இரண்டு புள்ளியும் ஒன்றாக வேண்டும். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் விலகி நின்றால் செங்குத்து விலகல். ஃபோகஸைக் கெடுக்காது, கண்ணைத்தான் குழப்பும். பக்கவாட்டில் விலகினால் சரிசெய்தே ஆக வேண்டும். அடுத்து பின்கதவைத் திறந்து, ஃபிலிம் உட்காரும் உள் தண்டவாளங்களின் மேல் பால்நிற ஒட்டு டேப்பை இழுத்து ஒட்டுங்கள். ஷட்டர் 'பி' (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும்), பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸ், எஃப் 1.7. ஒரு மீட்டரில் நாளிதழ் எழுத்தை வைத்து கட்டத்தில் பொருத்திவிட்டு, டேப்பில் விழும் பிம்பத்தை லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக இல்லையென்றால் கேமராவைத்தான் சரிசெய்ய வேண்டும், எத்தனை ரோல் மாற்றியும் பயனில்லை.

இரவுவீதி:
மிக்க நன்றி. டேப் சோதனையை முதலில் செய்கிறேன். டெவலப்பர் பற்றி யாராவது சொல்லுங்கள். எச்.பி.5-ஐ 3200 வரை தள்ளலாமா, அல்லது டெல்டா 3200 வாங்குவதா? கையில் பிடித்து 1/15 எடுக்கலாமா?

இருட்டறைவாசி:
எச்.பி.5 பிளஸ் 1600-க்கு மைக்ரோஃபென் டெவலப்பர் ஸ்டாக் (மேலும் நீர் கலக்காமல்), 20 டிகிரி செல்சியஸ், 11 நிமிடம். ஐடி-11 ஸ்டாக் என்றால் 14 நிமிடம், டிடி-எக்ஸ் 1+4 (ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர்) என்றால் 13 நிமிடம். முதல் 10 வினாடியில் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதே நான்கு. இதற்கு மேல் ஆட்டினால் நெகட்டிவில் விளக்குகள் முழுக் கறுப்பாக அடைத்துப்போய் பிரிண்ட் போடும்போது தொல்லை.

புஷ் செய்வதால் நிழலில் இல்லாத விவரம் வந்துவிடாது. கூடுதல் நேரத்தில் ஏறுவது பெரும்பாலும் நடுத்தரத் தொனிகளும் ஹைலைட்டும் (பளிச்சென்ற பகுதிகள்) தான். விளக்குகள் உள்ள இரவுக் காட்சி ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் மிகுந்தது, புஷ் அதை இன்னும் ஏற்றும். அதனால் 3200 வேண்டாம் என்பேன். டெல்டா 3200-ன் உண்மை வேகமும் ஐ.எஸ்.ஓ. (ஏ.எஸ்.ஏ.-வின் அதே எண்) 1000 அளவுதான். ஆனால் அது புஷ் செய்யும்போது கான்ட்ராஸ்ட் அடங்கி இருக்கும்படி செய்யப்பட்டது. 1600-ல் எடுத்தால் நிழல் அழகாக நிற்கும், துகள் பெரிதாக இருக்கும். வீட்டுக்குள் எடுப்பதற்கு அது, தெருவுக்கு எச்.பி.5 என்று பிரித்துக்கொள்ளலாம்.

வெள்ளித்துகளிடம் ஒரு மாற்றுக்கருத்து. ஆட்கள் உட்கார்ந்து பேசும் அறையென்றால் 1600-க்கே போகாமல் 800-ல் எடுத்து மைக்ரோஃபெனில் 8 நிமிடம் என்று முடிக்கலாம். எஃப் 2, 1/60 கிடைக்கும் அறை நிறைய உண்டு. முகத்தின் நிழல் பக்கம் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வெள்ளித்துகள்:
ஒப்புக்கொள்கிறேன், நல்ல விளக்குள்ள அறைக்கு 800 போதும்.

1/15 தாராளமாக எடுக்கலாம். கண்ணாடி எழும்பும் அதிர்வு இதில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கும் லீஃப் ஷட்டரும் மென்மையானது. முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்துங்கள். ஆனால் உங்கள் கை நின்றாலும் எதிரே உள்ளவர் நிற்க வேண்டுமே. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/60, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு 1/15.

அந்த 1/15 உண்மையில் 1/15-தானா என்றும் பாருங்கள். எண்ணெய் இறுகிய லீஃப் ஷட்டரில் முதலில் இழுப்பது மெதுவான வேகங்கள்தான். கைபேசியில் ஷட்டர் சத்தத்தைப் பதிவு செய்து, அலைவடிவம் காட்டும் செயலியில் திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் இடைவெளியை அளக்கலாம். 1/4 என்றால் 250 மில்லி வினாடி வர வேண்டும். 400 வந்தால் முக்கால் ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) சற்றுக் குறைவான ஓவர், சமாளிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

இரட்டைப்பிம்பம்:
இன்னும் இரண்டு விஷயம். இரவில் யு.வி. ஃபில்ட்டரைக் கழற்றிவிடுங்கள், விளக்கு இருக்கும் ஒவ்வொரு படத்திலும் தலைகீழான ஒளிப்புள்ளி விழ அதுதான் காரணம். லென்ஸைத் திறந்து வைத்து பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பால்போல் படலம் தெரிந்தால் விளக்குகளைச் சுற்றி ஒளி கசிந்து நிழல்களெல்லாம் சாம்பலாகும்.

ஸ்டாண்டில் வைத்து 'பி'-யில் எடுக்கும்போது ஒரு வினாடிக்கு மேல் போனால் ஃபிலிமின் வேகம் குறையும். எச்.பி.5 பிளஸுக்கு மீட்டர் சொல்லும் வினாடியை 1.31 என்ற அடுக்குக்கு (பவர்) உயர்த்த வேண்டும் என்று கணக்கு: 4 வினாடி சொன்னால் 6, 10 சொன்னால் 20, 30 சொன்னால் ஏறக்குறைய 86.