சால்மூடுநிலை: குளிர் ஊர் டிபரன்சல் ஒயிலுக்கு ஒரு சொல்

டீச்சர், கனடா வினிபெக் தம்பி, மத்த எல்லாருக்கும் வணக்கம்.

நம்மட கராச்சுச் சொல்லுப் பட்டியல்ல "சனல் பொயின்ட்"டுக்கு (குளிர்ல தடிச்ச கியர் ஒயில் தனக்குள்ள விழுந்த பள்ளத்தத் தானே மூடுற ஆகக் குறைஞ்ச வெப்பநிலை) டீச்சர் போட்ட "கால்வாய்ப் புள்ளி" வேணாம் எண்டு சொல்லத்தான் எழுதுறன். நம்மட அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் கால்வாய் எண்டா தண்ணி ஓடுற இடம், கராச்சில பழகுற பொடியன் அத வாசிச்சா ஒயில் நல்லா ஓடுது எண்டுதான் விளங்குவான். சங்கதி நேர் எதிர் டீச்சர். டிபரன்சல் எண்டது எஞ்சின் சுழற்சியச் சில்லுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற பல்லுப் பெட்டி, அதுக்குள்ள கிரவுண் வீல் எண்ட பெரிய பல்லுச் சில்லு அடியில கிடக்கிற ஒயில்ல தோய்ஞ்சு சுத்தி அத அள்ளி மேல வீசணும், வீசுற ஒயில்தான் பினியன் எண்ட சின்னப் பல்லுச் சில்லுக்கும் பெயாரிங்குக்கும் போகும், அனேகமா வேற பம்ப் ஒண்டும் அதுக்குள்ள இராது. கடும் குளிர்ல ஒயில் தடிச்சுப்போனா பல்லு போன தடத்துல ஒரு பள்ளம் விழும், ரெண்டு பக்கத்து ஒயிலும் திரும்பி வந்து அத மூடாது, அப்ப வீல் அந்த வெறும் பள்ளத்துக்க சுத்திக்கொண்டே நிக்கும். ஹவுசிங் நிறைய ஒயில் இருக்கு, பல்லுக்கு ஒரு சொட்டும் போகாது. டிபரன்சல் பல்லு ஒண்டோட ஒண்டு உருளுறது மட்டுமில்ல, வழுக்கித் தேய்க்கவும் செய்யும், அதுல ஒயில் இல்லாம ஓடினா பல்லு முகம் சுரண்டுப்படுறதுக்குக் கனநேரம் வேணாம்.

இதுக்கு வயல்ல சொல் இருக்கு: சால். சேத்து உழவுல கலப்பை போன சால் பின்னாலயே மூடிப்போகும், இறுகின மண்ணுல போட்ட சால் அப்படியே வாயத் திறந்து கிடக்கும். அதனால நான் சொல்றது "சால்மூடுநிலை". எந்தக் குளிர் வரைக்கும் ஒயில் தன்ட சால தானே மூடுதோ, அந்த ஆகக் குறைஞ்ச வெப்பநிலை. சோதனையும் அதேதான், ஒயில பல மணித்தியாலம் அந்தக் குளிர்லயே வைச்சுப்போட்டு ஒரு உலோகத் தகட்டால நடுவால கீறுவாங்க, 10 செக்கனுக்குள்ள கீறின அடி மூடுதா எண்டு பாப்பாங்க. அமெரிக்க இராணுவம் வைச்ச தரத்துல 75டபிள்யூ ஒயில் (இந்த எண்ணுகள் ஒயில்ட தடிப்பு வகை, கீழ சொல்றன்) -45 பாகை செல்சியசிலயும் மூடணும் எண்டு இருந்திச்சு, 80டபிள்யூ-90 எண்டா -35, 85டபிள்யூ-140 எண்டா -20. இந்தக் கணக்க "கால்வாய்" எண்டு எழுதினா யாருக்கு விளங்கும்?

தம்பி இந்தக் குளிர் அளவு எல்லாத்துக்கும் "உறைநிலை" எண்டே ஒரே சொல்லா வைப்பம் எண்டிருந்தார். அது பிழையான வழி காட்டும் மனே. ஒயில் தண்ணி மாதிரி ஒரு பாகையில டக்கெண்டு உறையுற சாமான் இல்ல. மினரல் ஒயிலுக்குள்ள இருக்கிற மெழுகு குளிர்ல பளிங்காகி ஒண்டோட ஒண்டு கொளுவி வலை கட்டும், அதுதான் ஓட்டத்தப் பிடிக்குது. சின்தெற்றிக்ல (செயற்கையாச் செஞ்ச ஒயில்) பீஏஓ எண்ட வகைக்கு மெழுகே இல்ல, அதாலதான் அது குளிர் ஊருக்கு எடுபடுது. போத்தல சரிச்சா அசையுற கடைசி வெப்பநிலைக்கு "ஊற்றுநிலை" போதும், அது வேற அளவு, அசையுற ஒயில் எல்லாம் சால மூடும் எண்டில்ல.

மறுகா பெரிய ஒரு விசயம். லூப்ரிகண்ட் ஒயிலுக்குத் தமிழ்நாட்டுச் சொல்தொகுதியில இருந்து "மசகு எண்ணெய்" எண்டு எடுத்துப் போட்டிருக்கு. நம்மட இலங்கைப் பேப்பர்ல மசகு எண்ணெய் எண்டா நிலத்துக்குள்ள இருந்து எடுக்கிற எண்ணெய், மண்ணெண்ணெய் டீசல் எல்லாத்துக்கும் மூலம் அதுதான், தினமும் அதுட விலைதான் செய்தி. டிபரன்சலுக்கு அத ஊத்தச் சொல்லி எழுத ஏலாது. நம்மட பாடப்புத்தகத்துல இருக்கிற "உராய்வுநீக்கி"யும் "பிசுக்குமை"யும் (ஒயில்ட தடிப்பு, விஸ்கொசிற்றி) அப்படியே இருக்கட்டும், பொடியனுகள் படிச்ச சொல்.

வினிபெக் குளிருக்கு எந்த ஒயில் எண்டு தம்பி கேட்ட கேள்விக்கு: டபிள்யூ எண்டது குளிர்காலத்துக்கு, அதுக்கு முன்னுக்கு இருக்கிற எண் குறைஞ்சா குளிர் தாங்கும். பிசுக்குமை 150,000 சென்ரிபோய்சுக்கு (பிசுக்குமைய அளக்கிற அலகு) மேல போகாம 75டபிள்யூ -40 வரைக்கும் நிக்கணும், 80டபிள்யூ -26, 85டபிள்யூ -12. அந்த 150,000 சும்மா போட்ட எண் இல்ல, அதுக்கு மேல தடிச்சா பினியன் பெயாரிங் பழுதாகுது எண்டு சோதிச்சுக் கண்டது. வினிபெக்ல இரவு -30க்குப் போகுது எண்டா 80டபிள்யூ காணாது, 75டபிள்யூ-90 சின்தெற்றிக், ஜீஎல்-5 (கியர் ஒயில்ட தர வகை) எண்டு போட்டத எடுங்க. ஒரு சில்லு வழுக்கிச் சுத்துற நேரம் மத்தச் சில்லுக்கும் இழுவை குடுக்கிற லிமிட்டட் சிலிப் வகை டிபரன்சல் எண்டா அதுக்கான உராய்வு மருந்து கலந்த ஒயிலா எண்டு கைநூல்லயும் போத்தல்லயும் பாருங்க. அத மட்டும் பார்த்துப்போட்டு கியர்பொக்சுக்கும் ஊத்திராதீங்க, ஜீஎல்-4 கேட்கிற கியர்பொக்ஸ்ல ஜீஎல்-5ட கந்தக மருந்து கியர் மாத்த உதவுற பித்தளை வளையத்தத் திண்டுபோடக்கூடும். களுவாஞ்சிகுடியில ஓடுற லொறிக்கு இந்தக் கவலை இல்ல, நம்மட வெக்கைக்கு டபிள்யூவுக்குப் பின்னால இருக்கிற எண்ணத்தான் பாக்கணும், கைநூல் சொல்ற 90ஓ 140ஓ.

டீச்சர், "சால்மூடுநிலை" சேர்த்தே எழுதலாமா, இல்ல "சால் மூடும் நிலை" எண்டு பிரிக்கிறதா? தலைப்புச் சொல்லுக்குச் சேர்த்தும் விளக்கத்துல பிரிச்சும் போடலாம் எண்டு எனக்குப் படுது.