500 மீட்டரில் இருந்து மானைச் சுடுவது நியாயமா?

தொண்டிக்காரன்:
நம்ம நாட்டில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அதில் பேச்சே இல்லை. நியூசிலாந்தில் அனுமதி உண்டு. அங்கே பாயிண்ட் 308 ரைஃபிளால் 500 மீட்டரில் சுடலாமா? குறி தப்பாத ஆள் என்றால்?

கீழக்கரை வாசி:
தம்பி, குறி மட்டும் போதாது. தோட்டா போய்ச் சேர முக்கால் விநாடி ஆகும். அதற்குள் மான் ஓர் எட்டு வைத்தால் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். வயிற்றில் பட்ட மான் மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். அந்தப் பாவம் வேண்டாம்.

தேவிபட்டினம்:
காற்றையும் சொல்லுங்கண்ணே. கச்சான் காற்று கரையில் ஒரு வேகம், உள்கடலில் ஒரு வேகம் அடிக்கும். மலைப் பள்ளத்திலும் அப்படித்தான். மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று 500 மீட்டரில் தோட்டாவை அரை மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் இடமோ ஏறக்குறைய 25 செ.மீ.தான். லேசர் கருவி தூரத்தைச் சொல்லும், இடையில் வீசும் காற்றைச் சொல்லாது.

தொண்டிக்காரன்:
அப்போ எவ்வளவு தூரம் சரி?

கீழக்கரை வாசி:
சுடும் பயிற்சி மைதானத்தில் படுத்துச் சுட்ட கணக்கை விடுங்க. மேடு ஏறி மூச்சு வாங்கும்போது, எவ்வளவு தூரத்தில் முதல் தோட்டாவே 20 செ.மீ. தட்டில் விழுதோ, அந்தத் தூரம்தான் உங்க எல்லை. பலருக்கு 200 மீட்டரைத் தாண்டாது. சுட்டபின் மான் நின்ற இடத்துக்கே போய் ரத்தம், முடி தேடணும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் 500 மீட்டரில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.