இட்ரியம் ஆக்சைடு மூசை (உலோகம் உருக்கும் கிண்ணம்) விரிசல் விடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டைட்டானியக் கலவையைச் சிறு அளவில் உருக்கிப் பார்க்கிறேன். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூசையில் உருக்கினால் உலோகம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடுகிறது. அதனால் இட்ரியம் ஆக்சைடுக்கு மாறினேன். கிட்டத்தட்ட 2,400 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. ஆக்சிஜனை மிக இறுக்கமாகப் பிடித்திருப்பதால் உருகிய டைட்டானியத்தாலும் எளிதில் பறிக்க முடியாது. கணினிச் சிப் தயாரிப்பில் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) அரிப்பைத் தாங்கும் பூச்சாகவும் இருப்பது இதுதான்.

வேதியியலில் அது ஏமாற்றவில்லை. ஆனால் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்குவதில்லை. இரண்டு மூசைகள், இரண்டுமே ஆறும்போது விரிசல் விட்டன.

இதில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏற்றி இறக்குகிறீர்கள்? முழு மூசைக்குப் பதில், சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) மூசையின் உட்புறம் மட்டும் இட்ரியம் ஆக்சைடு பூசினால் போதுமா? அப்புறம், அந்தப் பூச்சு எத்தனை உருக்கலுக்கு உரியாமல் நிற்கும்?