போரானுக்கு வெப்பம் இரண்டு மடங்கு. பிறகு ஏன் ராக்கெட்டில் அலுமினியம்?

கேள்வி:
ஒரு கிலோ எரிந்தால் அலுமினியம் 31 மெகாஜூல் தருகிறது, போரான் கிட்டத்தட்ட 59. அப்படியிருந்தும் ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த திட உந்துபொருளில் அலுமினியத்தையே போடுகிறார்கள். ஏன்? இன்னொரு சந்தேகம்: ராக்கெட் செயல்திறனைக் கணிக்கும் நாசாவின் சிஇஏ (CEA) கணினி நிரல் காட்டும் ஒப்பு உந்தம் (specific impulse, உந்துபொருளின் எடைக்கு எவ்வளவு உந்தம் கிடைக்கிறது என்ற அளவு) சோதனையில் வருவதில்லை. அலுமினியம் முழுக்க எரியாததுதான் காரணமா? நானோ தூள் போட்டால் சரியாகிவிடுமா?

பதில் 1:
அந்த 59 காற்றில் எரிக்கும் கணக்கு. ராக்கெட் ஆக்சிஜனையும் தானே சுமக்க வேண்டும். ஒரு கிலோ போரானுக்கு 2.22 கிலோ ஆக்சிஜன் தேவை, அலுமினியத்துக்கு 0.89 போதும். எரிந்து உருவாகும் ஆக்சைடின் ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் போரான் 18.3 மெகாஜூல், அலுமினியம் 16.4. இரண்டு மடங்கு எங்கே போனது பாருங்கள்!

தீப்பிடிப்பது அடுத்த சிக்கல். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், மேலிருக்கும் ஆக்சைடு ஓடு 2072 வரை கெட்டியாகவே இருக்கும். உள்ளே உருகிய உலோகம் விரிந்து ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். போரானில் எல்லாம் தலைகீழ். ஆக்சைடு 450 டிகிரியிலேயே உருகிப் பிசுபிசுவென்று துகளைப் போர்த்திக்கொள்ளும், உள்ளே போரான் 2076 வரை திடமாகவே கிடக்கும். அந்தப் படலம் ஆவியாகாமல் எரிதல் வேகம் பிடிக்காது. போதாததற்கு, ஹைட்ரஜன் உள்ள வாயுவில் போரான் எச்பிஓ2 (HBO2) என்ற வாயுச் சேர்மமாக மாறி வெப்பத்தின் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வெளிக்காற்றை உள்ளிழுக்கும், எரியாததை மீண்டும் எரிக்கும் பின்னெரிப்பு அறையும் உள்ள ராம்ஜெட் எஞ்சின்தான் போரானுக்கு ஏற்ற இடம்.

பதில் 2:
ஒப்பு உந்தம் குறைவதற்கு எரியாத உலோகத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். சிஇஏ கணக்கில் வாயுவும் ஆக்சைடு துளிகளும் ஒரே வேகம், ஒரே வெப்பநிலை. உண்மையில், வாயு வெளியேறும் நாசில் (nozzle) குழலில் துளிகள் பின்தங்கும், சூடாகவே வெளியேறும். துளி பெரிதானால் இழப்பும் கூடும்.

துளி ஏன் பெரிதாகிறது? பருமனான பெர்குளோரேட் துகள்களின் இடைவெளிகளில் அலுமினியம் அடைபட்டுக் கிடக்கும். எரியும் பரப்புக்கு வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாகும். எரியும் நேரம் விட்டத்தின் 1.8 அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது பரவலாகப் பயன்படும் தொடர்பு. அதன்படி 30 மைக்ரான் துகள் 120 மைக்ரான் உருண்டையானால் நேரம் 12 மடங்கு. சின்ன மோட்டாரில் அவ்வளவு நேரம் ஏது? பெர்குளோரேட்டின் துகள் அளவுகளைத் திருத்திப் பாருங்கள். இடைவெளி சிறுத்தால் உருண்டையும் சிறுக்கும்.

பதில் 3:
நானோ தூள் சீக்கிரம் பற்றும், சரி. ஆனால் ஓடு 3 நானோமீட்டர் என்றால் 100 நானோமீட்டர் துகளின் கனஅளவில் 17 சதவீதம் வெறும் ஆக்சைடு. 30 மைக்ரான் துகளில் அது 0.06 சதவீதம்தான். பரப்பு கூடுவதால், உந்துபொருளைப் பிணைக்கும் பிசினில் கலக்கும்போது கலவை மிகவும் கெட்டியாகி, வார்ப்பதே கஷ்டமாகும்.

ஊகிப்பதைவிட, எரிந்தபின் மிஞ்சும் எச்சத்தைச் சேகரித்து அளந்துவிடுங்கள். அதில் எரியாமல் நின்ற அலுமினியத்தைக் காரக் கரைசலில் கரைத்தால், கிராமுக்கு 1.246 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும் (0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தம்). வாயுவின் அளவே உலோகத்தின் அளவைச் சொல்லிவிடும். சூடு கிளம்பும், ஹைட்ரஜன் தீப்பற்றும், புகைபோக்கி அறையில் மட்டும் செய்யுங்கள். எச்சத்தில் உலோகம் சொற்பமாக இருந்தும் ஒப்பு உந்தம் குறைந்தால், பதில் 2 சொன்ன நாசில் இழப்பைத் தேடுங்கள்.