ஆக்டிவேஷன்: ‘உரிமப் பொருத்தம்’ சரிவருமா?

வணக்கமுங்க.

ஒரு மென்பொருளுக்கு உரிமம் உண்டு என்று உறுதி செய்வதுதான் ஆக்டிவேஷன். அதற்குத் தமிழில் ‘செயலாக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் கலைச்சொல் இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல்லை ஏற்கெனவே பிராசசிங்குக்கு, அதாவது கணினி தரவைக் கையாள்வதற்கு, புழங்கிவருகிறோம். அதைவிடப் பெரிய குறை, அது நடப்பதையே தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது.

கோவை காந்திபுரத்துக் கணினிக் கடைகளில் ‘பார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டாச்சு, ஆக்டிவேட் ஆகலைங்க’ என்பார்கள். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் 10 செயல்படத்தான் செய்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் அதே லேப்டாப்பில் டேலி கணக்கு மென்பொருள் ஓடும், பில் அச்சாகும். திரையின் வலது மூலையில் ஒரு வாசகம் நிற்கும், அமைப்புகளில் போய்ப் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது, அவ்வளவுதான். இந்தக் கருவிக்கு உரிமம் உண்டு என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. அந்த உறுதிக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

‘உரிமமேற்பு’ என்ற பரிந்துரை நெருங்கி வருகிறது. ஆனால் நிறுவும்போதே உரிம ஒப்பந்தத்தை ஏற்கிறேன் என்று ஒரு பெட்டியில் குறியிடுகிறோமே, அதோடு இது குழம்பிவிடும். அங்கே ஏற்பவர் பயனர். இங்கே ஏற்பது மைக்ரோசாஃப்டின் சேவையகம்.

லேப்டாப்போடு வரும் விண்டோஸ் மறுபடி எப்படி உயிர் பெறுகிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், தயாரிப்பாளர்கள் உரிமத்துக்கான 25 எழுத்துக் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது அதன் சில்லில் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே, எழுதிவைக்கிறார்கள். ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குத் தரும் ஏசிபிஐ என்ற விவர அட்டவணைகளில் எம்எஸ்டிஎம் என்ற பெயரில் அது இருக்கும், லினக்ஸிலிருந்தும் படிக்கலாம். வன்தட்டை முழுக்கத் துடைத்தாலும், கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலும் அது அழியாது. விண்டோஸை நிறுவும் மென்பொருள் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஹோம் பதிப்புக்கான கீ உள்ள கருவியில் ப்ரோ போட்டால் ஒத்துவராது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது இன்னொன்றும் சேர்ந்தது: வன்பொருளின் அடையாளத்தைச் சேவையகம் குறித்துவைத்துக்கொள்கிறது. மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்ததும், குறித்துவைத்த அடையாளத்தையும் இப்போதைய அடையாளத்தையும் ஒப்பிட்டு அதுவே உறுதி செய்துவிடும். மதர்போர்டை மாற்றினால் இந்த ஒப்பீடு தவறிவிடும்.

ஆக எல்லா இடத்திலும் நடப்பது ஒன்றே. உரிமம் கருவியோடு பொருந்துகிறதா, பதிப்போடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. அதனால் ஆக்டிவேஷனுக்கு உரிமப் பொருத்தம், மறுபடி செய்வதற்கு மறுபொருத்தம் என்று முன்வைக்கிறேன். வினையாக மாற்றிப் பாருங்கள்: ‘உரிமத்தைப் பொருத்து’, ‘உரிமம் பொருந்தியது’, ‘உரிமம் இந்தக் கருவிக்குப் பொருந்தவில்லை’. பொத்தானிலும் பிழைச் செய்தியிலும் இடறாமல் நிற்கிறது. கிணற்றில் மோட்டார் பொருத்துவது போலச் செயலையும் சொல்கிறது, பொருந்தியிருக்கும் நிலையையும் சொல்கிறது. செயலாக்கத்துக்கு இந்த இரட்டை வசதி இல்லை.

வன்தட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவும் கிளீன் இன்ஸ்டாலுக்கு ‘தூய நிறுவல்’ வேண்டாம் என்பேன். துடைத்து நிறுவல் என்றால் பழைய கோப்புகள் போய்விடும் என்ற எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

கீக்கு ‘திறப்பு’ என்று ஈழத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு முழுச் சம்மதம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சாவியைத் தொறப்புக்குச்சி என்றுதான் சொல்வார்கள். கொங்குக்கும் ஈழத்துக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைக்கும்போது விட வேண்டியதில்லை. உரிமத் திறப்பு என்றே எழுதலாம்.

ஓர் இடத்தில் மட்டும் என் பரிந்துரை திணறுகிறது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த கீ ஒன்று, தொழிற்சாலையில் நிறுவப் பயன்பட்டது வேறொன்று. பின்னது ஒரு தயாரிப்பாளரின் ஏராளமான கருவிகளுக்கு ஒரே பொதுக் கீ, கூடவே ஃபர்ம்வேரில் ஒரு குறி. இவற்றையும் பொருத்தம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பெரிய நிறுவனங்களில் தங்கள் கணினிகளுக்கெல்லாம் ஆக்டிவேஷன் செய்ய கேஎம்எஸ் என்ற சேவையகத்தைத் தாங்களே வைத்திருப்பார்கள். அது தரும் உறுதி 180 நாளைக்கு மட்டும் செல்லும், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொருந்தியது எப்படித் தானாகக் காலாவதியாகும்? அதற்குத் ‘தவணைப் பொருத்தம்’ என்று எழுதிப் பார்த்தேன், இன்னும் மனம் ஒப்பவில்லை. கல்லூரி ஆய்வகங்களைப் பராமரிக்கும் நண்பர்கள் இந்த ஒன்றுக்கு வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து