தட்சிணசித்ரா போனவர்கள் சொல்லுங்கள்: எந்த வீட்டில் அதிக நேரம் நின்றீர்கள்?

திண்ணைவாசி:

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து ‘தொடாதீர்கள்’ என்று எழுதிப் போடும் காட்சியகங்கள் எனக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா காட்சியகத்தில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்குள் போகலாம், திண்ணையில் காலை நீட்டி உட்காரலாம், சக்கரத்தில் மண்ணைப் பிசையலாம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்தப் பக்கத்துக் கைவினைஞர்களை வைத்தே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் வேலை இது. வளாக வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. 1996 டிசம்பரில் திறந்தார்கள். இதெல்லாம் தேடினால் கிடைக்கும். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நடந்ததைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அப்பத்தாவுக்குக் காரைக்குடிப் பக்கம். சின்ன வயதில் அம்மாவோடு ஒரு செட்டியார் வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனவர். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நாங்கள் எல்லாரும் கதவு வேலைப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் படியேறாமல் நின்றார்.

“என்ன அப்பத்தா, கால் வலிக்குதா?”

“இல்லடி. இந்த வழியா நான் போனதே இல்ல. எங்களுக்குப் பின்வாசல்தான்.”

அப்புறம் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். போனதும் ஆளே மாறிவிட்டார். உள்முற்றமான வளவில் நின்று அங்கே இங்கே கைகாட்டிப் பேச ஆரம்பித்தார். வளவைச் சுற்றியுள்ள அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஒரே வீடு, ஒரே கூரை, ஆனால் அடுப்பு வேறு வேறு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பார்கள்’. புதுப்பெண் தன் சமையலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள திறந்த வெளியில் படம் எடுக்க நின்ற கல்லூரிப் பிள்ளைகளிடம், “அது சும்மா நிக்கிற எடமில்ல தம்பி, வத்தல் காயப்போடுற எடம். காக்கா வெரட்டவே ஒரு ஆள் வேணும்” என்றார்.

அந்தப் பிள்ளைகள் அவரை விடவே இல்லை. “பாட்டி, சுவத்துல நெஜமாவே முட்டை போட்டிருக்காங்களா?” என்று ஒரு பையன். சுண்ணாம்புக் கலவையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்துத் தேய்க்கும் பூச்சைத்தான் கேட்டான். “கேட்டு என்ன பண்ணப்போற? அந்தச் செட்டியார் வீட்டுச் சுவத்துல சித்திரை வெயில்லயும் கன்னத்த வச்சா சில்லுன்னு இருக்கும்” என்றார் அப்பத்தா. அவன் உடனே இந்தச் சுவரில் கன்னத்தை வைத்துவிட்டான். பின்னால் நின்ற பெண்ணும் வைத்தாள். பர்மா தேக்கு, கடல் வாணிபம், வட்டித் தொழில் பற்றியெல்லாம் நான் வழியில் படித்துவைத்த விஷயங்கள் வாயைத் திறக்கவே வாய்ப்பில்லாமல் போயின.

உங்களுக்கு அங்கே யாராவது இப்படி மாட்டினார்களா?

தறிவீட்டுப் பெண்:

எனக்கு அப்பா. காஞ்சிபுரத்தில் நெய்தவர், இப்போது கண் பார்வை ஒத்துழைக்கவில்லை. அங்கே காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. மற்ற வீடுகளில் மரியாதைக்கு எட்டிப் பார்த்தவர், தறியைக் கண்டதும் நேராகப் போய் நெசவாளரிடம் “எத்தனை கொக்கி?” என்று, வேலைப்பாட்டுக்கு இழையைத் தூக்கும் கொக்கிகளைக் கேட்டார். வணக்கம், பெயர், ஊர் ஒன்றும் கிடையாது. அவரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, “அண்ணன் எந்தத் தெரு?” என்றார். அதற்கப்புறம் நாங்கள் இருந்ததே இருவருக்கும் நினைவில்லை.

கோர்வை பற்றித்தான் பேச்சு போனது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று தனித்தனி ஊடை (குறுக்கு இழை) ஓட்டி, இரண்டும் சேரும் இடத்தில் இழையைக் கோத்து வாங்குவது கோர்வை. சேலை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது என்பார்கள். அதற்கு ஒருவர் போதாது. நெய்பவருக்கு எதிர்ப்பக்கம் ஊடையை ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கை நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்துவிட்டு உட்காருவேன். பிள்ளைகள் எல்லாம் படிக்கப் போனது நல்லதுதான், ஆனால் கோர்வைக்கு ஆள் கிடைப்பது அன்றிலிருந்தே குறைந்துவிட்டது. இதை அப்பா வருத்தமாகவும் சொன்னார், பெருமையாகவும் சொன்னார்.

குழித்தறி ஏன் குழிக்குள் இருக்கிறது என்று ஒரு வெளிநாட்டுப் பெண்மணி கேட்டார். தரையின் ஈரப்பதம் பட்டால் பட்டு இழை அறுபடாது, மிதிக்கக் காலுக்கும் இடம் வேண்டும் என்று அப்பா தமிழிலேயே சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். மழைக்காலம் வந்தால் தெருவில் பாவு (நெடுக்கு இழை) போட முடியாது, அடுப்பும் எரியாது என்பதையும் சொன்னார். அதற்கு அந்தப் பெண்மணியிடம் பதில் இல்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு ஒரே குறை. வீடு ரொம்ப அமைதி. நாங்கள் வளர்ந்த தெருவில் இருபுறமும் தறிச்சத்தம் இடிக்கும், அதற்கு மேல் யாராவது ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பார்கள். சுத்தமாகப் பெருக்கிய அந்தத் திண்ணையைப் பார்த்தால், வீட்டார் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்ட மாதிரி இருக்கிறது.

ஈசிஆர் பயணி:

முதல்முறை போகிறவர்களுக்கு மட்டும்: செவ்வாய் விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள், வீட்டுக்கு வீடு வெயிலில்தான் நடக்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்து போதும். மண்பாண்டச் சக்கரத்தில் பிள்ளைகளை உட்காரவைப்பதாக இருந்தால் ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரக் கரையோரத்து வட்ட வீட்டைத் தவறவிடாதீர்கள். கூம்புக் கூரை, மண்சுவர், மூலையே கிடையாது. புயல் காற்று மோதிப் பிடுங்க இடம் கொடுக்காமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

டெல்டாக்காரன்:

என் அனுபவம் கொஞ்சம் வேறு. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். அக்ரஹாரத் தெருவில் செருப்புப் போட்டு நடந்தது கிடையாது. அறுவடை நெல்லைக் கொண்டுபோனாலும் கொல்லைப்பக்கம்தான். அப்பா அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்.

தட்சிணசித்ராவில் அக்ரஹார வீட்டுக்குள் அப்பா போனார். அந்த வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ரயில் பெட்டி போலப் போய்க்கொண்டே இருக்கும். வாசலிலிருந்து கடைசி வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி ஒருமுறை நடந்தார். வெளியே வந்து, “இவ்வளவுதானாடா?” என்றார். கோபம் இல்லை, கேலியும் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. என் மகள் அதே திண்ணையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

மரத்தையும் கூரை ஓடுகளையும் பிரித்துக் கொண்டுவரலாம். யார் எந்த வாசல் வழியாக வரலாம் என்ற சட்டத்தையும் அங்கே ஒரு மூலையில் எழுதிவைத்தால் இந்த வீடுகள் இன்னும் முழுதாகும் என்பது என் கட்சி. திண்ணைவாசியின் அப்பத்தா படியேறத் தயங்கியதைப் படித்தபோதும் இதுதான் தோன்றியது. மற்றபடி, டிக்கெட் எடுத்தால் எல்லாருக்கும் முன்வாசல். அந்த மட்டில் எனக்கு இடம் பிடித்துத்தான் இருந்தது.

குமரிக்காரன்:

டெல்டாக்காரன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். என் வயிற்றெரிச்சல் வேறு மாதிரி.

கோட்டயம் அருகே புதுப்பள்ளியிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்து வீட்டில் நான் நின்றேன். 1956 வரை எங்கள் குமரி மாவட்டமும் திருவிதாங்கூரோடுதானே இருந்தது, வீட்டு வாகு அப்படியே எங்கள் பக்கம். மழைக்கு வழுக்கிவிடும் சரிந்த கூரை, பலகைச் சுவர், நெல் வைக்கும் அறை. இடிக்கப் போகிற வீடுகளைத் தேடி வாங்கித்தான் இப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். எங்கள் குடும்ப வீடு விற்றபோது நெல் சேமிக்கும் மரப் பத்தாயத்தைப் பிரித்துக் கட்டிலும் டீப்பாயும் செய்துகொண்டோம். தூண்கள் பழம்பொருள் வியாபாரியிடம் போயின. எங்கேயாவது ஒரு ரிசார்ட் வரவேற்பறையில் நிற்கும்.

அங்கே வேலை பார்த்த ஒரு மூத்த ஆசாரியிடம் இதைச் சொன்னேன். “தூணைக் கழற்றினவன் நல்ல ஆசாரியா இருந்தா அது பிழைச்சிருக்கும் சார். ரம்பம் போட்டிருந்தா போச்சு” என்றார். எங்கள் வீட்டில் ரம்பம்தான் போட்டார்கள்.

திண்ணைவாசி:

குமரிக்காரரே, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். பழைய கதவு, தூண், எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே கடை கடையாகக் கிடக்கின்றன. வயிற்றெரிச்சல் கூடினால் நான் பொறுப்பில்லை.

புரவிக்காரன்:

எல்லாரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். அய்யனாரை யாரும் பார்க்கவில்லையா? அங்கே சுடுமண் குதிரைகளோடு ஓர் அய்யனார் இருக்கிறார். நான் புதுக்கோட்டைப் பக்கம், எனக்குக் கால் தானாக அங்கேதான் போகும்.

என் மகன் குதிரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு “இது எத்தனை வருஷம் பழசு?” என்று கேட்டான். எங்கள் ஊர்க் குதிரைகள் பழசாக இருக்கவேண்டும் என்று யாரும் செய்வதில்லையடா என்றேன். அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புக்கு, ஊர்க்காரர்கள் முதலில் குயவரான வேளாரிடம் ஒரு பிடி மண் (பிடிமண்) கொடுப்பார்கள். அவர் மண்ணோடு மணலும் வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே கூடாக விட்டுக் கால், உடல், தலை என்று ஏற்றிச் சுடுவார். பல கோவில்களில் பூசாரியும் அவரேதான். கண் திறந்து, மாலை போட்டு, தோளில் தூக்கிப் போய் அய்யனார் முன்னால் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். காது உடையும், கால் சரியும், அந்த இடத்திலேயே மண்ணாகும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும்.

ஆக, பராமரித்து வைத்திருக்கும் குதிரையைப் பார்த்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு முதலில் இதைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது? பக்கத்திலேயே சக்கரத்தில் அவனை உட்காரவைத்தேன். கிண்ணம் செய்யப்போய்த் தட்டு வந்தது. சொல்லிக்கொடுத்த குயவர் அதைப் பார்த்து, “பரவால்ல தம்பி, இதுல தோசை வச்சுக்கலாம்” என்றார்.

எங்கள் ஊரில் அடுத்த புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் இங்கே எழுதுகிறேன். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில், படுக்கை மட்டும் திண்ணையில்தான்.